இரு மண்ணுக்கும் பட்ட கடன்

ராயகிரி முதல் தென்காசி வரை மலையடிவாரத்து ஊர்களில், பிழைக்கப் போனவர் விடுமுறைக்கு வந்தால் பேச்சு ஒப்பீட்டில்தான் போய் முடியும். அங்கே தெரு சுத்தம், அலுவலகத்தில் யாரும் கை நீட்டுவதில்லை; இங்கே நல்லது கெட்டதுக்கு நாலு பேர் வந்து நிற்பார்கள். இரண்டும் உண்மையாக இருக்கலாம். ஆனாலும் எது உயர்ந்தது என்று தீர்ப்பெழுதப் புகும்போது நியாயம் தவறிவிடுகிறது. விட்டுவந்த ஊர் புறப்பட்ட நாளோடு மனத்தில் உறைந்து கிடக்கிறது. வாழும் நாடோ வாடகையும் வேலையுமாக அன்றாடம் எதிரே நிற்கிறது. இவ்விரண்டையும் எந்த அளவுகோலால் அளப்பது? எந்த மண்ணுக்கு நான் என்ன கடன்பட்டிருக்கிறேன் என்று கேட்பதே அறம்.

அப்படிக் கேட்டு வாழ்ந்தவர்கள் நம் பக்கத்திலேயே உண்டு. கைத்தறி நலிந்த காலத்தில் கடையநல்லூர் முஸ்லிம் நெசவாளர்கள் சிங்கப்பூருக்குப் போய், துறைமுகத்தை ஒட்டிய தஞ்சோங் பகாரில் குடியேறினார்கள். ஆண்கள் மட்டும் போய்ச் சம்பாதித்துத் திரும்புவது வழக்கமாயிருந்த நாளில், இவர்கள் குடும்பத்தோடு போனார்கள். 1941இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் உருவானது. 1946இல் அது உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. கூலிக்கு மட்டும் வந்தவர் பள்ளி கட்டமாட்டார். ஊரை உதறியவர் அதற்கு உமறுப்புலவர் பெயரைச் சூட்டமாட்டார். அந்தத் தமிழ் முஸ்லிம் புலவருடைய சீறாப்புராணத்தின் கடைசிக் காண்டம் நபிகளின் ஹிஜ்ரத்தை, அதாவது இடப்பெயர்வை, பாடுகிறது. 622இல் மக்காவைவிட்டு மதீனா சென்ற நபிகள், 630இல் மக்கா வசமான பிறகும் மதீனாவுக்கே திரும்பினார். 632இல் அங்கேயே அடக்கமானார். பிறந்த ஊர்மீது பாசம் குறையவில்லை. புகலிடம் தந்தவர்களை அவர் கைவிடவுமில்லை.

வஞ்சித்த நாட்டுக்கும் கடனா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி. இலங்கை மலையகத் தமிழர் உழைப்பால் தேயிலைத் தோட்டங்கள் செழித்தன. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமோ அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று அவர்களைக் கேட்காமலே பங்கு பிரித்தார்கள். இங்கே கடன்பட்டவை இரண்டு அரசுகளும்தான். கடன் என்ற கணக்கு குடியேறியவரை மட்டும் கட்டிப்போடுவதில்லை. அவருக்கு உரிமை கேட்கும் நியாயத்தையும் தருகிறது. குறை சொல்லவே கூடாதா என்றால், தாராளமாகச் சொல்லலாம். பிறந்த ஊருக்குச் செய்ய வேண்டியதைச் செய்துகொண்டு, பிள்ளைகள் வளரும் நாட்டின் குறையையும் சொந்தக் குறையாக எண்ணித் தீர்க்க முனைகிறவருக்கே ஒப்பிடும் தகுதி முழுமையாக உண்டு.