உப்புவழியில் தவம் எது?

நெடுந்தூரம் சைக்கிள் மிதிப்பவர்கள் தங்கள் பயணத்தைத் தவம் என்று சொல்லிக்கொள்வது இப்போது வழக்கமாகிவிட்டது. வெயில், தாகம், தொடையில் ஏறும் வலி, அதன்பின் மனத்தில் இறங்கும் அமைதி ஆகியவை சேர்ந்து துறவிகளின் அனுபவத்துக்கு ஈடான ஒன்றைத் தருகின்றன என்பது அவர்களுடைய நம்பிக்கை. தார்ச்சாலையை விட்டு மண்ணிலும் சரளையிலும் ஓட்டுவதற்கென்றே அகல டயர் போட்ட கிராவல் சைக்கிள்கள் வந்தபின் இந்தப் பேச்சு வலுத்திருக்கிறது. இத்தாலியின் ஆல்ப்ஸ் மலையில், லிமோனே பியெமோன்தே என்ற ஊரிலிருந்து மோனேசி வரை சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் போகும் 39 கிலோமீட்டர் சரளைப் பாதை இத்தகையவர்களிடையே பெயர்பெற்றது. அதை உயர் உப்புவழி என்று அழைக்கிறார்கள். லிகூரியக் கடற்கரையின் உப்பு மலை தாண்டிப் பியெமோன்தே நாட்டுக்குப் போன பழைய தடங்களின் நினைவு அந்தப் பெயரில் இருக்கிறது. இன்றுள்ள பாதையை அமைத்தது ராணுவம். உப்புச் சுமையும் போய்விட்டது, ராணுவமும் போய்விட்டது; பாதை பயணிகளுக்கு மிஞ்சியிருக்கிறது. விழுப்புரம் மாவட்டத்து மரக்காணத்தில் நிலைமை வேறு. இங்கே உப்பு இன்னும் விளைகிறது.

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்கு மிதிப்பவர்கள், ஊரை எட்டுவதற்குச் சுமார் 35 கிலோமீட்டர் முன்பு மரக்காணத்தைக் கடக்கிறார்கள். வெட்டவெளியில் பாத்தி பாத்தியாக உப்பளம். இடையிடையே நேர்கோட்டில் ஓடும் மண்வரப்புகள். கிராவல் சைக்கிள் வைத்திருப்பவர் கண்ணுக்கு அவை தனக்காகவே போட்ட தடம்போலத் தெரியும். இந்தக் கரைக்கும் வழிகளுக்கும் உள்ள உறவு பழையது. சங்க நூலான சிறுபாணாற்றுப்படையில் மன்னன் நல்லியக்கோடனைத் தேடிப் போகும் வழியில் வரும் எயிற்பட்டினத்தை ஆய்வாளர் பலர் மரக்காணம் என்றே கொள்கிறார்கள். பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், வறுமையோடு எதிரே வரும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்வது ஆற்றுப்படை. நக்கீரர் பின்னர் அதே வடிவத்தை முருகனிடம் போகும் வழியாக்கினார். தேவை அறிந்தவன் தேவை உள்ளவனுக்குக் கொடுப்பதுதான் வழி என்ற எண்ணம் நம் பக்தி மரபுக்குள் இப்படித்தான் நுழைந்தது என்று நினைக்கிறேன். இந்த நிலத்தின் வழிகளும் தேவையிலிருந்து பிறந்தவைதான். மரக்காணத்தில் வந்து முடியும் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதியையும் 1877-78 பஞ்சத்தில் பட்டினி கிடந்தவர்கள்தான் கூலிக்கு வெட்டினார்கள். வரப்பும் பசிக்காகப் போட்ட வழிதான்.

தவத்துக்கு வள்ளுவர் சொல்லும் இலக்கணம் இரண்டு பாகம் கொண்டது. தனக்கு வரும் துன்பத்தைப் பொறுப்பது ஒன்று. பிற உயிருக்குத் துன்பம் செய்யாதிருப்பது மற்றொன்று. சைக்கிள் தவம் பேசுபவர்கள் முதல் பாகத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு வெயில், எவ்வளவு நேரம் என்ற கணக்கெல்லாம் அந்தப் பாகத்துக்கு உரியவை. இரண்டாம் பாகத்தைத் தரையில்தான் பார்க்க வேண்டும். உப்பளத் தரை எப்படி உருவாகிறது? மழை ஓய்ந்ததும் தேங்கிய நீரை வடித்து, சேற்றை அள்ளி, வரப்பைக் கட்டி, பாத்தியின் களிமண்ணைக் காலால் மிதித்து மிதித்து இறுக்குகிறார்கள். பிறகு உவர்நீரைப் பாத்தி மாற்றிப் பாத்தியாக விட்டு வெயிலில் வற்ற வைக்கிறார்கள். கடல்நீரின் அடர்த்தி போமே கணக்கில் சுமார் 3 டிகிரி. அது 24, 25 டிகிரியை எட்டும்போதுதான் உப்பு பூக்கிறது. அத்தனை நாள் உழைப்பையும் தாங்கி நிற்பது அந்த வரப்பு. அதன்மேல் சைக்கிள் ஏறினால் ஓரம் உதிரும். உதிர்ந்த மண் பாத்தியில் விழுந்தால் உப்பு அழுக்கேறி விலை இறங்கும். ஈர வரப்பாக இருந்தால் டயர் கிழித்த பள்ளத்தின் வழியே நீர் கசியும். அதைத் திரும்பக் கட்ட வேண்டியவர்கள், உப்பை வாரித் தலையில் சுமந்து அதே வரப்பில் நடக்கும் பெண்களும் ஆண்களும். மனிதர் மட்டுமல்ல. நெடுங்கால் உள்ளான் போன்ற பறவைகள் உப்பளங்களில் வெறுந்தரையிலேயே கூடமைத்து முட்டையிடுகின்றன. மண் நிறத்து முட்டை வேகமாக வருபவர் கண்ணில் படாது. அருகிலுள்ள கழுவெளி 2021இல் பறவைகள் சரணாலயமானது, 2024இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அந்த எல்லைக்கு வெளியேயும் பறவைகள் வாழ்கின்றன.

நடப்பதையே அறமாக ஆராய்ந்த மரபு ஒன்று இதே மாவட்டத்தில் இருக்கிறது. தமிழ்ச் சமணரின் தலைமை மடம் விழுப்புரம் மாவட்டத்து மேல்சித்தாமூரில் உள்ளது. சமணத் துறவிக்குப் பயணம் என்றால் நடைதான்; அதுவும் பகலில், நுகத்தடி நீளத் தரையை முன்னால் பார்த்தபடி, பலர் நடந்து தேய்ந்த வழியில். மழைக்காலத்தின் நான்கு மாதம் அதுவும் கிடையாது. வழியெங்கும் சிற்றுயிர்கள் பெருகும் காலம் என்பதால் ஓரிடத்தில் தங்கிவிட வேண்டும். கிராவல் சைக்கிள்காரர் தேடுவது இதற்கு நேர் எதிர். தேய்ந்த வழியை விட்டு, யாரும் போகாத தடத்தில் போவதில்தான் அவருக்குப் பெருமை. துறவி முதலில் துறப்பது அந்தப் பெருமையைத்தான். துறவியின் விதியை இல்லறத்தார்மேல் சுமத்தலாமா என்று கேட்கலாம். இல்லறத்தாருக்கென்று சமணத்தில் தனி விரதங்கள் உண்டு. சமந்தபத்திரர் வடமொழியில் எழுதிய ரத்னகரண்டக சிராவகாசாரமும் அதைத் தழுவிய தமிழ் நூலான அருங்கலச்செப்பும் பயனின்றிச் செய்யும் தீங்கை விலக்கச் சொல்கின்றன. வீணாக நிலத்தைக் கிளறுவது, செடியை வெட்டுவது ஆகியவற்றோடு காரணமில்லாமல் திரிவதையும் சமந்தபத்திரர் சேர்க்கிறார். இந்தக் கடைசி இடத்தில் அவரோடு எனக்கு முழு உடன்பாடில்லை. கடற்காற்றில் மிதிக்கும்போது வரும் மகிழ்ச்சியைப் பயனற்றது என்று தள்ள மனம் வரவில்லை. ஆனால் அந்த மகிழ்ச்சிக்குச் சாலையே போதும். சாலை இருக்க வரப்பில் ஏறுவது, அவர் விலக்கச் சொன்ன தீங்குதான்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. வழி எல்லோருக்கும் பொது என்பது இந்த நாட்டில் எளிதாகக் கிடைத்த உரிமை அல்ல. 1924இல் வைக்கம் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடப்பதற்காக எழுந்த போராட்டத்தில் பெரியார் இருமுறை சிறை சென்றார். அதற்குப் பிறகும் ஒருவரைப் பார்த்து இந்த வழியில் வராதே என்றால், அது பழைய குரலாகக் கேட்காதா? கேட்கும். அதனால்தான் நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். வைக்கத்தில் தடுத்தவர்கள் வலியவர்கள், தடுக்கப்பட்டவர்கள் எளியவர்கள். அந்தத் தெருவில் கால் பட்டதால் யாருடைய சோறும் குறையவில்லை. உப்பளத்தில் வந்து ஏறும் சைக்கிளின் விலை, அங்கே உப்பு சுமப்பவரின் பல மாதக் கூலி. வேண்டாம் என்று சொல்லக்கூட அவர் தயங்குவார். வைக்கத்தின் நியாயம் இங்கே அவர் பக்கம்தான் நிற்கிறது.

அப்படியானால் உப்பளத் தொழிலாளியின் வேலைதான் உண்மைத் தவமா என்று சிலர் கேட்பார்கள். அப்படிச் சொல்லவே கூடாது. ஆகஸ்ட் கடைசியில் காவி உடுத்தி இதே சாலையில் வேளாங்கண்ணிக்கு நடப்பவர்களின் வலி, நேர்ந்துகொண்ட வலி. முடியாவிட்டால் பஸ் ஏறிவிடலாம்; மாதா கோபிக்க மாட்டாள். சைக்கிள்காரரின் வலியும் அவர் விரும்பி ஏற்றது. உப்பு வெளிச்சத்தில் கண் கூசி, பாதம் வெடித்து நிற்பவர் அப்படி விலகிவிட முடியாது. விலக முடியாத துன்பத்துக்குப் புனிதப் பெயர் சூட்டினால், காலணியும் கண்ணாடியும் நிழலும் நியாயமான கூலியும் கேட்கும் வாயை அடைத்துவிடுவோம். மழை மாதங்களில் அவர்களுக்கு வேலையே இல்லை. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் இந்தக் கரையைக் கடந்தபோது அளங்கள் நீரில் மூழ்கின. அரசு தரும் 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் ஒரு குடும்பம் அந்த மாதங்களை ஓட்டப் போதாது.

நேரில் பார்த்தால்தானே அக்கறை பிறக்கும் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உப்பைத் தேடிப் போன பழைய நடையை அவர்கள் சான்றாகக் காட்டலாம். 1930 ஏப்ரலில் ராஜாஜியும் சத்தியாகிரகிகளும் திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை சுமார் 240 கிலோமீட்டர் நடந்தார்கள். உப்பில் எல்லோருக்கும் உரிமை உண்டு என்று காட்டுவதற்காக நடந்த நடை அது. உப்பை விளைவிப்பவரின் வரப்பைச் சிதைப்பதற்கு அதில் ஆதாரம் தேட முடியாது. மரக்காணம் வழியே மிதிக்கும் நண்பர்களே, சாலையோடு நில்லுங்கள். அளத்தைக் கிட்டத்தில் பார்க்க விரும்பினால் சைக்கிளைச் சாலையோரம் நிறுத்திவிட்டு, அங்கே வேலை செய்பவரிடம் கேட்டு, அவர் காட்டும் இடத்தில் மட்டும் நடந்து போங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஈர வரப்புப் பக்கமே போகாதீர்கள். அவர் வேண்டாம் என்றால் திரும்பிவிடுங்கள்.