நாய்வால் நியாயம்

நம்மவர் பேச்சில் நாயைப்போல் ஏச்சுக்கு ஆளாகும் பிராணி பிறிதொன்றில்லை. நன்றியுள்ளது என்று அதனைப்பற்றிப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லுவோம். பாடம் முடிந்த மறுகணமே ஒருவனை இழிவுபடுத்த வேண்டுமானால் அதன் பெயரையே எடுத்து வீசுவோம். நாயைப்பற்றிய பழமொழிகளுள் தலையாயது, நாய்வாலை நிமிர்த்த முடியாது என்பது. வால் வளைந்திருப்பதைப்பற்றி நமக்கு யாதொரு வழக்கும் இல்லை. ஆனால் அப்பழமொழி வாலைப்பற்றிப் பேசவில்லை. பிறவியில் அமைந்த குணத்தை எம்முயற்சியாலும் மாற்ற வொண்ணாது என்னும் பெரியதொரு சித்தாந்தத்தை அந்தச் சிறிய வாலிலே கட்டித் தொங்கவிட்டிருக்கிறது. அச்சித்தாந்தம் நாயோடு நின்றுவிடுமானால் நாம் பேனா எடுக்க வேண்டியதில்லை. தோட்டத்துப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது, இன்ன ஜாதிக்காரனுக்கு இன்ன புத்திதான் வரும், குடிகாரன் மகன் குடிகாரனே என்று கூறுவோர் அனைவரும் கடைசியில் சாட்சிக்கு அழைப்பது இந்த வாலைத்தான். ஆதலின் அந்தச் சாட்சியையே சற்று விசாரித்துப் பார்ப்பது தகும்.

கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் சந்துகளிலும், கிள்ளானின் தாமான்களிலும் நடப்பவர் யாவரும் அறிந்த காட்சி ஒன்று உண்டு. மனிதரிடத்தில் பசுவைப்போல் சாதுவாக இருக்கும் நாய், தெருமுனையில் வேறொரு நாயைக் கண்ட மாத்திரத்தில் உருமாறிவிடுகிறது. மயிர் சிலிர்க்கிறது, கயிறு அறுந்துவிடும்போல் இழுக்கிறது, தொண்டை கம்மக் குரைக்கிறது, பிடித்திருப்பவன் முகம் வெட்கத்தால் சிவக்கிறது. பார்த்து நிற்போர், தன் இனத்தைத் தானே பொறாத பிறவி என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போகின்றனர். தீர்ப்பு சுலபமானது, ஆனால் விசாரணையின்றிக் கூறப்பட்டது.

விசாரித்தால் தெரிவது வேறு. ஸ்காட், புல்லர் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர் பல்லாண்டுகள் நாய்க்குட்டிகளை வளர்த்து ஆராய்ந்து, 1965-ல் ஒரு நூல் வெளியிட்டனர். குட்டி பிறந்த மூன்றாவது வாரம் முதல் ஏறத்தாழப் பன்னிரண்டாவது வாரம் வரையில் உள்ள காலமே அது பிறரோடு பழகக் கற்கும் காலம் என்பது அவர்கள் கண்ட முடிவு. அக்காலத்தில் தாயையும் உடன்பிறந்தவற்றையும் பிரிந்து தனியே அடைபட்ட குட்டி, பிற்காலத்தில் பிற நாய்களைக் கண்டு மிரளுவதில் வியப்பென்ன? சில நாய்கள் எப்போதோ கடிபட்ட வடுவை மனத்தில் தாங்கி வாழ்கின்றன. இன்னும் சிலவற்றைக் கெடுத்தது சங்கிலி.

இந்தச் சங்கிலியின் கதை நம் தோட்டத்தாருக்குப் புதிதன்று. லயத்து முற்றத்தில் ஐந்தாறு நாய்கள் அவிழ்ந்து திரியும். அவை எதிர்ப்படும்போது நேருக்கு நேர் பாய்வதில்லை. பக்கவாட்டில் வளைந்து வந்து மோந்து பார்த்து விலகிப் போகும். பிடிக்காத நாயைக் கண்டால் ஒதுங்கிக்கொள்ளப் பால்மரங்களுக்கிடையே எவ்வளவோ இடமுண்டு. பிறகு தோட்டங்கள் நகரமாயின. சீபீல்டு தோட்டத்து நிலத்திலே 1970-களில் சுபாங் ஜெயா எழுந்தது. அதுபோல் எத்தனையோ தோட்டங்கள் மறைந்தன. ஜனங்கள் அடுக்குமாடிகளுக்கும் வரிசை வீடுகளுக்கும் குடிபெயர்ந்தனர். உடன் வந்த நாய் கேட்டருகில் கட்டப்பட்டது. இப்பொழுது அதற்கு வளைந்து செல்ல வழியில்லை, விலகி ஓடவும் வழியில்லை. எஞ்சியது குரல் ஒன்றே. குரைக்கிறது, எதிரே வந்த நாய் தன் வழியே போய்விடுகிறது. அது எப்படியும் போயிருக்கும். ஆனால் கட்டுண்ட நாய், தன் குரைப்பே பகையை விரட்டியது என்று கொள்கிறது. நாள்தோறும் அவ்விதமே நடக்க, பயம் பழக்கமாகிறது. அப்பழக்கத்துக்கு நாம் சுபாவம் என்று பெயர் சூட்டிவிடுகிறோம்.

நாய் நாயைத் தின்னும் என்பதற்கு ஒரு கொடிய உதாரணம் நம் கிள்ளான் கடலிலேயே நிகழ்ந்தது. 2009-ம் ஆண்டில், பூலாவ் கெத்தாம் என்னும் நண்டுத்தீவின் வாசிகள் தெருநாய்களின் தொல்லை பொறாமல், முந்நூறுக்கு மேற்பட்ட நாய்களைப் பிடித்துப் படகேற்றி, அருகே கண்டல் மரங்கள் அன்றி வேறொன்றுமில்லாத ஆளற்ற தீவுகளில் விட்டனர். அங்கே சோறில்லை, நல்ல தண்ணீரும் இல்லை. பசி முற்றிய நாய்கள் இறந்தவற்றையும் இளைத்தவற்றையும் தின்றன என்னும் செய்தி நாடெங்கும் பரவியது. பிராணிகளிடத்து இரக்கமுள்ளோர் படகேறிச் சென்று சிலவற்றை மீட்டனர். தீவுவாசிகளின் தொல்லையும் பொய்யன்று. அதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும், தன் இனத்தைத் தின்னும் பிறவி என்று அந்த நாய்களைப்பற்றி எவரேனும் கூறத் துணிவாரா? சோறற்ற மண்ணில் இறக்கிவிட்ட கையை மறந்து, கடித்த பல்லை மட்டும் காண்பது நியாயமாகுமா?

காரணம் உள்ள தீமைக்குப் பரிகாரமும் உண்டு என்பது பகுத்தறிவின் முதற்பாடம். ருஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ், உணவு வருமுன் ஓர் அடையாளத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினால், பின்னர் அவ்வடையாளத்துக்கே நாயின் வாயில் எச்சில் ஊறும் என்று காட்டினார். 1924-ல் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அமெரிக்க மாது, முயலைக் கண்டு அலறிய பீட்டர் என்னும் சிறு பையனுக்கு அவன் விரும்பும் தின்பண்டத்தைக் கொடுத்துக்கொண்டே, முயலை நாளுக்கு நாள் சிறிது சிறிதாக அருகே கொணர்ந்தார். முடிவில் அவன் முயலைத் தடவிக்கொடுத்தான். குழந்தையின் அச்சத்தைத் தீர்த்த அதே வழிதான் நாயின் அச்சத்தையும் தீர்க்கிறது.

நம் வீட்டிலும் மணி என்னும் நாய் ஒன்று உண்டு. வளர்ந்த பின்னரே நம்மிடம் வந்தது. பிற நாயை அறுபது தப்படிக்கு அப்பால் கண்டால் காதை மட்டும் நிமிர்த்தும். அதற்குள் வந்தால் வெறிகொள்ளும். ஆகவே அந்த அறுபது தப்படியே நமக்குப் பள்ளிக்கூடமாயிற்று. திடலின் ஓரத்தில் நிற்போம். தூரத்தில் நாய் தோன்றும். மணி அதைப் பார்க்கும். பார்த்த பின்னரே உப்பில்லாமல் வேகவைத்த கோழித்துண்டு ஒன்று அதன் வாய்க்கு வரும். நாய் மறைந்ததும் கோழியும் நின்றுவிடும். இந்த வரிசை தவறலாகாது. பிற நாயே நல்லதன் முன்னறிவிப்பு என்று அதன் நெஞ்சு உணர வேண்டும். குரைத்துவிட்டால் அடிப்பதில்லை, நெருங்கி விட்டோம் என்று பொருள்கொண்டு பின்வாங்குவோம். ஏழு மாதங்களில் அறுபது பதினைந்தாயிற்று. இன்றும் சந்தில் திடீரென்று எதிர்ப்பட்டால் குரைக்கத்தான் செய்கிறது. ஆனால் குரைத்தபின் திரும்பி நம் முகத்தைப் பார்க்கிறது. பகையை மட்டுமே பார்த்த கண், உதவிக்கும் ஓரிடம் உண்டென்று கண்டுகொண்டது. அது சிறிய காரியமன்று.

இவ்வளவு பாடு எதற்கு, நாலு அடி கொடுத்தால் சரியாகிவிடுமே என்பார் உளர். அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவார் என்னும் பழமொழியும் அவர் கையில் தயாராக இருக்கும். அடியால் ஓசை அடங்கும் என்பதை நாம் ஒப்புக்கொள்ளுகிறோம். அடங்குவது எது என்பதே கேள்வி. பிற நாயைக் கண்டபோதெல்லாம் கழுத்து நெரிபட்டால், பிற நாயே அவ்வலிக்குக் காரணம் என்று அது கற்கும், அச்சம் இரட்டிக்கும். உறுமலுக்கு அடி விழுந்தால் உறுமலை விடும், அச்சத்தை விடாது. பின்னர் ஒருநாள் எச்சரிக்கையின்றிக் கடிக்கும். திடீரென்று கடித்தது என்பார்கள். திடீரென்று அன்று, அதன் வாயைப் பொத்தியவர்கள் நாம்.

மௌனத்தைத் திருப்தியென்று எண்ணும் இப்பிழை நாய் விஷயத்தில் மட்டும் நேர்வதன்று. 1941-ல் கிள்ளான் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அதற்குமுன் அவர்கள் பணிந்த ஜனங்கள், சுபாவத்திலேயே அமைதியானவர்கள் என்று பெயரெடுத்திருந்தனர். அவர்கள் கேட்டவற்றுள் ஒன்று, துரைமார்களையும் தோட்டத்து உத்தியோகஸ்தர்களையும் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது. தலைவர் ஆர். எச். நாதன் கைதுசெய்யப்பட்டு நாடுகடத்தப்பட்டார்; பட்டாளம் வந்தது; துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாண்டன. அந்த உத்தியோகஸ்தர்களுள் கிராணிமாரும் அடங்குவர் என்பதை, கிராணி வேலை பார்க்கும் நாமே எழுதிவைப்பது நேர்மை. தொழிலாளியை நாயோடு ஒப்பிடுவதாக எவரும் கோபிக்க வேண்டா. அவ்வாறு ஒப்பிட்டவர்கள் வேறு. நாம் ஒப்பிடுவது அடிக்கும் கைகளையே. அடித்து அடக்கிய கை, தான் உண்டாக்கிய மௌனத்தைப் பார்த்து இதுவே அமைதி என்று நம்பிவிடுகிறது.

இனி, அண்டை அயலார் பக்கத்து நியாயத்தையும் கேட்போம். நாயிடத்து இரக்கம் கொள்வது, பிறரைத் தொல்லைப்படுத்த நமக்குக் கிடைத்த லைசென்ஸ் ஆகாது. நம் முஸ்லிம் சகோதரர்களின் நெறிப்படி நாயின் எச்சில் பட்டால், ஒருமுறை மண் கலந்த நீராலும் ஏனைய முறை தூய நீராலும், ஆக ஏழுமுறை கழுவ வேண்டும். அதனை அறிந்து, அவர்களைக் கண்டதும் நாமே கயிற்றைக் குறுக்கிக்கொண்டு விலகி நடப்பது அண்டை வீட்டானுக்குரிய மரியாதை. விடியுமுன் தெரு அடங்கியிருக்கையில் நடத்திச் செல்வது, கடிக்குமென்று ஐயமிருந்தால் வாய்க்கூடு பூட்டுவது, நகராண்மையில் லைசென்ஸ் எடுப்பது ஆகிய இவை நாய்க்குத் தண்டனையல்ல, அதற்குப் பாதுகாப்பு. சாதுவான நாயை அவிழ்த்துவிட்டு, எங்கள் நாய் ஒன்றும் செய்யாது என்று தூரத்திலிருந்து கூவுவோரும் சற்று யோசிக்க வேண்டும். அவர் நாய் ஒன்றும் செய்யாது. ஆனால் அது ஓடிச் சென்று முட்டிய அச்சமுள்ள நாய், பல மாதங்களில் கற்றதை ஒரு நிமிஷத்தில் இழந்துவிடும். நம் தேசத்தில் பிராணி நலச் சட்டம் 2015-ல் இயற்றப்பட்டு 2017-ல் அமலுக்கு வந்தது. சட்டம் வதையைத் தண்டிக்கும், பொறுமையைக் கற்பிக்காது. அது நம்மால் ஆக வேண்டியது.

பிள்ளைகளுக்கே நேரமில்லாத ஏழைக் குடும்பம் நாய்க்கு நேரம் ஒதுக்குவதா என்று கேட்கலாம். பிள்ளையா நாயா என்னும் நிலை வந்தால் பிள்ளையே என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அவ்விரண்டும் பகையன்று. நாயைக் கண்டால் கல்லைத் தேடும் தகப்பனிடம் பிள்ளை கற்பது நாயைப்பற்றிய பாடமன்று; தன்னைவிட எளியதை எப்படி நடத்துவது என்னும் பாடம். பயந்த பிராணி ஒன்றுக்காகப் பத்து நிமிஷம் பொறுத்து நிற்கும் தகப்பனிடமும் அதே பாடத்தைத்தான் கற்கிறான். விடை மட்டும் வேறு.

எல்லா நாயும் மாறும் என்று நாம் பொய் சொல்லப் போவதில்லை. சில நாய்கள் கடைசிவரை தனியே நடத்திச் செல்லப்பட வேண்டியவையே. அவற்றுக்கும் வாழ்வுண்டு, நிழல் உண்டு, ஒதுங்கி நடக்கும் உரிமையுண்டு. மாறியவற்றை மட்டுமே நேசிப்பது வியாபாரம்.

ஆகவே அன்பர்களே, நாய்வாலை நிமிர்த்த முடியாதென்பது உண்மையே. நிமிர்த்த வேண்டிய அவசியமும் இல்லை. வால் அதற்குப் பிறவியில் வந்தது. அச்சமோ பெரும்பாலும் நாம் கொடுத்தது. கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ளுவது நம் கடன். இனி ஒரு பிள்ளையையோ, ஒரு குடும்பத்தையோ, ஒரு ஜாதியையோ சுட்டி இதன் குணம் இதுதான் என்று எவரேனும் தீர்ப்புரைக்கக் கேட்டால், அது கட்டப்பட்டிருந்த சங்கிலியின் நீளம் எவ்வளவு என்று முதலில் கேட்போமாக.