அழகும் ஆணவமும்

வ. புதுப்பட்டித் தெருவில் பி.எம்.டபிள்யூ. கார் ஒன்று வந்து நின்றால் சிறுவர் சூழ்ந்துகொள்வர். பெரியோரும் ஒருகணம் நின்று நோக்குவர். அழகை விரும்புதல் குற்றமன்று. அரபியில் அலங்காரத்தை ‘ஸீனத்’ என்போம். தற்பெருமையை ‘கிப்ர்’ என்போம். முன்னது ஆகுமானது, பின்னது விலக்கப்பட்டது. இவ்விரண்டுக்கும் எல்லை எங்கே?

அந்நிறுவனத்தின் வரலாற்றிலேயே விடை உண்டு. 1916-இல் மியூனிக் நகரில் விமான எஞ்சின் செய்யத் தோன்றியது அது. முதல் உலகப் போரில் ஜெர்மனி தோற்றபின் அத்தொழில் தடைப்படவே, 1923-இல் மோட்டார் சைக்கிளும், 1928-இல் ஐசனாக் நகரத்து ஆலையொன்றை வாங்கிக் காரும் செய்யலாயிற்று. இரண்டாம் உலகப் போரின்போது அதன் ஆலைகளில் வதைமுகாம் கைதிகள் கட்டாய உழைப்பில் வாட்டப்பட்டனர். 2007 முதல் சென்னையை அடுத்த ஆலையில் நம் நாட்டுத் தொழிலாளரும் அக்காரை உருவாக்குகின்றனர்.

எனவே அதன் சிறப்பு, செய்த கைகளுக்கே உரியது. விலை கொடுத்தவருக்கு உரியது பயன் மட்டுமே. பிறர் உழைப்பைத் தம் மேன்மையென எண்ணி, நடந்து செல்பவரை ஒருவர் இழிவாக நோக்கும் கணத்தில் ஸீனத் கிப்ராக மாறிவிடுகிறது. வெயிலில் நடக்கும் முதியவருக்கு அவர் கதவைத் திறந்துவிட்டால், அதே கார் நன்றியின் அடையாளமாகிறது. எல்லை காரில் இல்லை. அமர்ந்திருப்பவர் உள்ளத்தில் இருக்கிறது.