மறக்கருணையும் அயல்நாட்டுப் படையும்

அறக்கருணை, மறக்கருணை எனக் கருணை இருவகைப்படும் என்பதும், இறைவனது ஒறுத்தலும் அருளே என்பதும் நம் சமய நூல் பயின்றார் அறிந்தவை. அம்மறக்கருணையை ஓர் அரசு தனக்குரியதாகக் கொண்டு, கொடுங்கோலை எதிர்த்தெழுந்த அயல்நாட்டுக் குடிகளுக்குத் துணையாகப் படைவிடுதல் அறமாமோ என்பது ஈண்டு ஆராயப்புகுந்த பொருள். இதற்கு லிபியா நாட்டில் 2011-இல் நிகழ்ந்ததனை எடுத்துக்கொள்வாம். அதுபற்றி எம் உள்ளம் இன்றும் ஒருப்பட்டிலது.

1969 முதல் அந்நாட்டை ஆண்ட கடாபியை எதிர்த்து 2011 பிப்ரவரியில் பெங்காசி நகரத்தார் கிளர்ந்தெழுந்தனர். வீடுவீடாகத் தேடி ஒறுப்போம் என அவர் முழங்கினார். மார்ச்சு 17-இல் ஐக்கிய நாடுகளின் பாதுகாப்பு அவை, குடிகளைக் காத்தற்கு வேண்டுவன எல்லாம் செய்யலாம் எனத் தீர்மானித்தது. பத்து நாடுகள் உடன்பட்டன. இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகள் வாக்களியாது ஒதுங்கின. மார்ச்சு 19-இல் பிரான்சு நாட்டு வானூர்திகள் பெங்காசியை அணுகிய படையைத் தாக்கித் தடுத்தன. அச்செய்தி கேட்டு யாம் மகிழ்ந்தோம் என்பதை மறைத்தற்கில்லை. நம் நாடு ஒதுங்கியதனைத் துணிவின்மை என்றும் அன்று கருதினோம்.

அவரவர் வினையை அவரவர் நுகர்வர், பிறர் இடைபுகுதல் என்னை எனின், அற்றன்று. அங்ஙனமாயின் பசித்தார்க்குச் சோறிடலும் வினைக்கு மாறாய் முடியும்; அதனை நம் சமயத்தார் எவரும் கொள்ளார். மலமுடையார் பிறரைக் காத்தற்குத் தகுதியிலர் எனின், அதுவும் பொருந்தாது. ஆற்றில் வீழ்ந்தானை எடுக்கப் பாய்பவனிடத்து மலபரிபாகம் உண்டோ என வினவுவாரில்லை.

ஆயின், வீழ்ந்தானைக் கரையேற்றுதல் வேறு. ஏற்றியபின் அவன் வீட்டுத் தலைமையை மாற்றுதல் வேறு. காத்தற்கென்று தொடங்கிப் பின்னர் நேட்டோ கூட்டணியின் பொறுப்பில் நடந்த தாக்குதல், அக்டோபர் 20-இல் சிர்த்து நகரில் கடாபி கிளர்ச்சியாளர் கையிற் பட்டுக் கொல்லப்பட்ட பின்னரே ஓய்ந்தது. அத்திங்கள் 31-இல் கூட்டணி தன் தொழில் முடிந்ததென விலகிற்று. கண்ணிற் படலம் வெறும் அறிவால் நீங்காது, மருத்துவன் செயலாலேயே நீங்கும் என்பது, மலம் திரவியமாதல் பற்றி ஆகம நூலார் காட்டும் உவமை. எந்த மருத்துவனும் படலத்தை உரித்த கையோடு எழுந்துபோகான். புண் ஆறுமளவும் உடனிருப்பன். அயல்நாட்டு ஆக்கிரமிப்புப் படை கூடாதென்பது தீர்மானத்திலேயே இருந்த விலக்கு எனின், உடனிருத்தற்கு இயலாதான் கருவியெடுத்தலே தகாது என்பேம். லிபியாவில் படைக்கலம் ஏந்திய குழுக்கள் பல்கின. 2014-இல் ஒரு நாட்டிற்கு இரண்டு அரசாயிற்று. பின்னாளைக்குத் திட்டமிடாமையே தம் பெரும்பிழையாகலாம் என அமெரிக்க நாட்டுத் தலைவராயிருந்த ஒபாமாவும் 2016-இல் ஒப்பினார்.

எம்மை இதனினும் வருத்துவது மற்றொன்று. அவ்வாண்டிலேயே பிரித்தானிய மக்களவையின் அயலுறவுக் குழு, பெங்காசியில் குடிகளைக் கொன்று குவிக்கக் கடாபி ஆணையிட்டிருப்பார் என்பதற்குக் கிடைத்த சான்றுகள் துணைசெய்யவில்லை என அறிக்கையிட்டது. மலைமேற் புகை கண்டு தீயுண்டு என்றோம். அது பனியோ என நோக்கினேமல்லேம். அளவையிலக்கணம் பாடஞ்சொல்லி முதிர்ந்த யாமும் அன்று ஏதுவை ஆராய்ந்திலேம். எனினும், சான்று முற்றும் தேறுமளவும் காத்திருந்து, புகை தீயாகவே முடிந்திருப்பின் என்னாம்? 1994-இல் ருவாண்டாவில் கொலை நடவாநிற்கப் பாதுகாப்பு அவை அங்கிருந்த தன் படையைக் குறைத்தது. ஏறத்தாழ மூன்று திங்களில் எட்டு இலக்கம் மக்கள் மாண்டனர். மார்ச்சு 19-இல் உற்ற மகிழ்ச்சியை அதுபற்றியே யாம் இன்னும் கைவிட்டிலேம்.