கலைஞரின் பொறுப்பு: லெனி றீபன்ஸ்ராலின் வாழ்வு எழுப்பும் ஓர் அறவினா

கலைக்கும் அறத்துக்கும் இடையிலான தொடர்பு யாது என்னும் வினா மிகப் பழையது. கலை கலைக்காகவே என்பாரும் கலை வாழ்க்கைக்காகவே என்பாரும் நெடுங்காலமாக வாதிட்டு வந்துள்ளனர். எனினும் இவ்வாதம் பெரும்பாலும் பொதுக் கூற்றுகளின் தளத்திலேயே நின்றுவிடுவதுண்டு. குறித்த ஒரு கலைஞரின் வாழ்வையும் அவர்தம் ஆக்கங்களையும் ஒருங்கே வைத்து நோக்கும்போதுதான் அவ்வினாவின் உண்மையான கனதி புலப்படும். ஜேர்மனியின் பெண் திரைப்பட நெறியாளர் லெனி றீபன்ஸ்ரால் அத்தகைய நோக்கினை வேண்டி நிற்பவர். திரைப்பட வரலாற்றை எழுதுவோர் அவரை விட்டுவிடவும் இயலாது; தயக்கமின்றிப் பாராட்டவும் இயலாது. இத்தயக்கத்தின் பொருள் யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

றீபன்ஸ்ரால் 1902ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22ஆந் திகதி பேர்லினில் பிறந்தார். இளமையில் நடனக்கலைஞராக விளங்கினார். முழங்காலில் ஏற்பட்ட காயம் காரணமாக அத்துறையைக் கைவிட நேர்ந்தது. அக்காலத்தில் ஆர்ணோல்ட் பான்க் என்னும் நெறியாளர் பனிமலைகளைக் களமாகக் கொண்டு ஆக்கிய படங்கள் ஜேர்மனியில் பெரும் வரவேற்பைப் பெற்றிருந்தன. அவற்றுள் ஒன்றைக் கண்டு கவரப்பட்ட றீபன்ஸ்ரால் பான்கை நாடிச் சென்று, 1926இல் வெளிவந்த 'புனித மலை' முதலிய படங்களில் நடித்தார். கமராவின் இயல்பையும் படத்தொகுப்பின் நுட்பங்களையும் அவர் கற்றுக்கொண்டது அவ்வாண்டுகளிலேயாகும். 1932இல் 'நீல ஒளி' என்னும் படத்தைத் தாமே நெறியாண்டு, அதன் தலைமைப் பாத்திரத்தையும் தாமே ஏற்று நடித்தார். பெண்ணொருவர் திரைப்படமொன்றை நெறியாள்வது மிக அரிதாக இருந்த காலம் அது. இப்படத்தின் கதையாக்கத்தில் அவருக்குப் பெருந்துணை புரிந்தவர், ஹங்கேரிய யூதரும் திரைப்படக் கோட்பாட்டாளருமான பேலா பலாஸ் என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது.

அதே ஆண்டில் ஹிட்லரின் பொதுக்கூட்ட உரையொன்றைக் கேட்டு வியந்த றீபன்ஸ்ரால், தாமாகவே கடிதம் எழுதி அவரைச் சந்தித்தார். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933ஆம் ஆண்டில், நியூரம்பேர்க்கில் நடைபெற்ற நாஸிக் கட்சி மாநாட்டைப் பற்றி 'நம்பிக்கையின் வெற்றி' என்னும் படத்தை ஆக்கினார். அப்படத்தில் ஹிட்லரின் அருகே காட்சியளித்த ஏர்ன்ஸ்ட் றோம், அடுத்த ஆண்டு ஹிட்லரின் ஆணையின்படியே கொல்லப்பட்டார். அதனோடு படமும் புழக்கத்திலிருந்து மறைந்தது. அக்கொலைகள் நிகழ்ந்து இரண்டு மாதங்கள் கழிந்தபின், 1934 செப்டெம்பரில், கட்சி மீண்டும் நியூரம்பேர்க்கில் கூடியது. தலைமைக்குள் பிளவு ஏதும் இல்லை என்பதை நாட்டுக்குக் காட்டவேண்டிய தேவை அப்போது எழுந்திருந்தது. அம்மாநாட்டைப் படமாக்கும் பொறுப்பும் றீபன்ஸ்ராலிடமே ஒப்படைக்கப்பட்டது. 1935 மார்ச்சில் வெளியான 'சித்தத்தின் வெற்றி' அதன் பேறாகும். ஏறத்தாழ 170 பேர் கொண்ட குழுவும் 30 கமராக்களும் இதற்குப் பயன்பட்டன. உயரத்திலிருந்து படம் பிடிப்பதற்காகக் கொடிக்கம்பமொன்றில் மின்னுயர்த்தி பொருத்தப்பட்டது. ஏறத்தாழ 60 மணிநேரப் படச்சுருள் இரண்டு மணிநேரத்துக்குச் சற்றுக் குறைந்த படமாகத் தொகுக்கப்பட்டது. வெனிஸ் விழாவிலும் 1937ஆம் ஆண்டுப் பாரிஸ் உலகக் கண்காட்சியிலும் அது பரிசு பெற்றது. 1936ஆம் ஆண்டுப் பேர்லின் ஒலிம்பிக் விளையாட்டுகளைப் பற்றிய 'ஒலிம்பியா' 1938 ஏப்ரல் 20ஆந் திகதி, ஹிட்லரின் பிறந்தநாளன்று, முதன்முதல் திரையிடப்பட்டது.

யுத்தம் முடிந்தபின் அவர் தடுத்துவைக்கப்பட்டு விசாரிக்கப்பட்டார். கட்சியின் உறுப்பினராக அவர் ஒருபோதும் இருந்ததில்லை. பல விசாரணைகளின் முடிவில் 'உடன்சென்றவர்' என்னும் வகையினுள் அவர் அடக்கப்பட்டார். 2003 செப்டெம்பரில், 101ஆவது வயதில் மறையும் வரை, அவர் தம்மைக் காத்துக்கொள்ள முன்வைத்த நியாயங்களை மூன்றாகச் சுருக்கலாம். நடந்ததை நடந்தவாறே பதிவு செய்தேன் என்பது முதலாவது. அரசியல் எனக்குத் தெரியாது, கொடுமைகளை நான் அறியேன் என்பது இரண்டாவது. நான் நாடியது அழகை மட்டுமே என்பது மூன்றாவது. இம்மூன்றும் அவருக்கு மட்டும் உரியன அல்ல. அதிகாரத்துக்குத் தம் திறனை வழங்கிய எழுத்தாளரும் விஞ்ஞானியரும் பொறியியலாளரும் எங்கும் கூறிவந்துள்ளவை இவையே. ஆதலின் இவற்றை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்தல் பயனுடைத்து.

முதலாவது நியாயத்தை எடுத்துக்கொள்வோம். 'சித்தத்தின் வெற்றி' முகில்களினூடே வரும் விமானத்துடன் தொடங்குகின்றது. அதன் நிழல் நகரத்து வீதிகளின்மீதும் அணிவகுத்துச் செல்வோர்மீதும் படிகின்றது. வானிலிருந்து இறங்குபவர் ஹிட்லர். அவரைக் கமரா கீழிருந்து மேல்நோக்கிக் காண்கிறது. மக்களையோ மேலிருந்து கீழ்நோக்கிக் காண்கிறது. இது பதிவு அன்று, விளக்கம். எந்த நிகழ்ச்சிக்கும் தன்னளவில் மேல்நோக்கு, கீழ்நோக்கு என்பன இல்லை. அவற்றை வழங்குபவர் நெறியாளரே. மேலும், மாநாட்டுக்கான ஏற்பாடுகளும் படப்பிடிப்புக்கான ஏற்பாடுகளும் ஒன்றோடொன்று இணைத்தே திட்டமிடப்பட்டன என்பதை, றீபன்ஸ்ராலின் பெயரில் 1935இல் வெளியான நூலே பெருமையுடன் கூறுகின்றது. கமராவுக்காக ஒழுங்கு செய்யப்பட்ட உண்மையைக் கமரா 'உள்ளவாறே' காட்டிற்று என்பது சொற்சாலமே ஆகும். தம் படத்தில் யூதருக்கு எதிரான சொல் ஒன்றுமில்லை என்றும் அவர் கூறுவதுண்டு. ஆனால் இனத்தூய்மையைக் காக்காத மக்கள் அழிந்துபோவர் என்னும் கருத்துப்பட ஜூலியஸ் ஸ்ரைக்கர் பேசும் காட்சி அப்படத்தில் உள்ளது.

இரண்டாவது நியாயம் அறியாமை பற்றியது. 1933 டிசம்பரில், 'நீல ஒளி'யில் தமது உழைப்புக்குரிய ஊதியத்தைக் கேட்ட பலாஸின் கோரிக்கையைக் கையாளும் அதிகாரத்தை, றீபன்ஸ்ரால் எழுத்துமூலம் ஒருவருக்கு வழங்கினார். பலாஸை யூதர் எனச் சுட்டி எழுதப்பட்ட அப்பத்திரத்தைப் பெற்றவர், யூத வெறுப்பையே தொழிலாகக் கொண்டிருந்த அதே ஸ்ரைக்கர். 1939 செப்டெம்பரில் போலந்தின் கொன்ஸ்கி என்னும் ஊரில் ஜேர்மானியப் படையினர் யூதப் பொதுமக்களைச் சுட்டுக் கொன்றபோது றீபன்ஸ்ரால் அங்கிருந்தார். அதிர்ச்சியால் உருக்குலைந்த அவரது முகம் அன்று எடுக்கப்பட்ட நிழற்படமொன்றில் பதிவாகியுள்ளது. அம்முகம் பொய்யன்று. ஆனால் அடுத்த மாதம் வார்சோவில் நடந்த ஹிட்லரின் வெற்றி அணிவகுப்பை அவர் படமாக்கினார். 1940 ஜூனில் பாரிஸ் வீழ்ந்தபோது ஹிட்லருக்கு வாழ்த்துத் தந்தியும் அனுப்பினார். இவற்றை நோக்குமிடத்து, அறியாமை என்பது சில வேளைகளில் ஒரு நிலை அன்று, ஒரு செயல் என்பது புலனாகும். கண்டதைக் காணாததாக்கிக்கொள்ளவும் முயற்சி தேவைப்படுகின்றது.

மூன்றாவது நியாயமே ஆழமானது. தத்துவ நோக்கில் எளிதிற் புறக்கணிக்க முடியாதது. படைப்பின் அழகு படைப்பாளியின் ஒழுக்கத்தாற் கெடுவதில்லை என்று கூறுவோர், கலையை ஒருபுறமும் அறத்தை மறுபுறமும் நிறுத்துகின்றனர். அறத்தை வலியுறுத்துவோரிற் பலரும் இதே பிரிவினையை ஏற்றுக்கொண்டே, அழகு சிறந்தது, நோக்கம் தீயது எனத் தீர்ப்பு வழங்குகின்றனர். இப்பிரிவினை பொருந்துமா என்பதே நாம் கேட்கவேண்டிய வினா.

'சித்தத்தின் வெற்றி'யில் தொழிற்படையினர் மண்வெட்டிகளுடன் அணிவகுத்து நிற்கும் பகுதி ஒன்றுண்டு. தோழனே, நீ எப்பகுதியினன் என்று கேட்கப்படுகின்றது. கமரா ஒவ்வொரு முகமாக நெருங்க, ஒவ்வொருவரும் தத்தம் பிரதேசத்தைக் கூறுகின்றனர். எவரும் தம் பெயரைக் கூறுவதில்லை. அம்முகங்கள் யாவும் அடுத்த கணத்தில் ஒரே தலைவன், ஒரே மக்கள் என்னும் முழக்கத்தினுட் கரைந்துவிடுகின்றன. மிக நுட்பமாக அமைக்கப்பட்ட காட்சி அது. அதன் அழகு எதனால் ஆயது? தனிமனிதன் தோன்றுவதாலும், தோன்றியவுடன் மறைவதாலும் ஆயது. அம்மறைவைத் துயரமாக அன்றி நிறைவாகக் காணுமாறு அது நம்மைப் பழக்குகின்றது. இங்கே அழகு ஒருபுறமும் கருத்து மறுபுறமும் இல்லை, அழகே கருத்தாகின்றது. ஆகவே அறவினா கலைக்கு வெளியிலிருந்து வந்து அதைத் தீண்டுவதன்று. கமரா எங்கே வைக்கப்பட்டது, எது தொகுப்பில் வெட்டப்பட்டது என்பனவற்றிலேயே அது குடியிருக்கின்றது.

இதற்கு மறுப்பாக 'ஒலிம்பியா'வைச் சிலர் காட்டுவர். அம்மறுப்பு வலுவானதே. அதே நெறியாளர், அதே நுட்பங்களைக் கொண்டு, நான்கு தங்கப் பதக்கங்களை வென்ற அமெரிக்கக் கறுப்பின வீரர் ஜெஸி ஓவன்ஸை முழு மாண்புடன் காட்டுகின்றார். இதிலிருந்து பெறப்படுவது யாதெனில், கீழிருந்து நோக்கும் கமராவோ உடலழகை வியத்தலோ தன்னளவிற் பாசிசம் ஆகா என்பதே. சூடானின் நூபா மக்களைப் பற்றி றீபன்ஸ்ரால் 1970களில் வெளியிட்ட நிழற்பட நூலிலும் பாசிச அழகியலின் தொடர்ச்சியையே கண்டார் அமெரிக்க விமரிசகர் சூசன் சொன்ராக். 1975இல் அவர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை பெரிதும் ஏற்கத்தக்கதாயினும், வலிமையும் வனப்பும் வாய்ந்த உடலைப் போற்றுதல் அனைத்தையும் ஐயுறுமாறு நம்மை இட்டுச் செல்லும் அபாயம் அதில் உண்டு. ஓவன்ஸ் தமக்கென ஒரு பெயரும் ஒரு முயற்சியும் உடையவராய்த் திரையில் ஓடுகின்றார். கமரா அவரைப் பின்தொடர்கின்றதேயன்றி, அவரை வேறொன்றின் துணுக்காக்கவில்லை. படமாக்கப்படும் மனிதர் தமக்குரியவராக எஞ்சுகின்றாரா, பிறிதொன்றின் பொருளாகிவிடுகின்றாரா என்பதே அளவுகோல் எனலாம்.

இவ்வளவுகோலைக் கொண்டு நோக்கும்போது, அதிகம் பேசப்படாத 'தாழ்நிலம்' என்னும் படமே றீபன்ஸ்ராலின் வாழ்வில் மிகக் கொடிய சான்றாக நிற்கின்றது. ஸ்பானிய நாட்டைக் களமாகக் கொண்ட இக்கதைப்படத்தின் பணிகள் 1940இல் தொடங்கின. 1954இலேயே அது வெளியாயிற்று. கிராம மக்களாகத் தோன்றுவதற்குத் தென்னாட்டு முகச்சாயல் உடையவர்கள் தேவைப்பட்டனர். சால்ஸ்பேர்க்குக்கு அண்மையிலிருந்த மக்ஸ்கிளான் முகாமிலிருந்தும், பின்னர் பேர்லினின் மார்ட்சான் முகாமிலிருந்தும், அங்கு அடைத்துவைக்கப்பட்டிருந்த சிந்தி, ரோமா மக்கள் கொண்டுவரப்பட்டனர். அவர்களுட் சிறுவரும் இருந்தனர். படப்பிடிப்பு முடிந்ததும் முகாம்களுக்கே திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்களுட் பலர் பின்னர் அவுஷ்விட்ஸில் மாண்டனர். அவர்கள் அனைவரையும் யுத்தத்தின் பின் தாம் கண்டதாகவும் எவருக்கும் ஒன்றும் நேரவில்லை என்றும் றீபன்ஸ்ரால் 2002இல், தமது நூறாவது வயதளவிலும் கூறினார். சிந்தி, ரோமா மக்களின் சார்பில் முறைப்பாடு செய்யப்பட்டதன் பேரில், அக்கூற்றை மீளக் கூறுவதில்லை என எழுத்தில் ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

நியூரம்பேர்க்கில் முகங்கள் பெயரற்ற அழகாயின. மக்ஸ்கிளானில் பெயரற்ற முகங்கள் முட்கம்பிக்குள்ளிருந்தே தெரிந்தெடுக்கப்பட்டன. முன்னையதிலிருந்து பின்னையதற்குச் செல்லும் வழி மிக நீண்டதன்று. மனிதரைக் காட்சிப் பொருளாகக் காணப் பழகிய கண், அவர்கள் எங்கிருந்து வந்தனர், எங்கே திரும்பிச் செல்கின்றனர் என்று கேட்க மறந்துவிடுகின்றது. அக்கேள்வியைக் கேட்பதற்கு அரசியல் ஞானம் எதுவும் தேவையில்லை என்பதே அவருடைய பொறுப்பினைக் கனதியாக்குகின்றது.

ஈண்டு நீதி கருதிக் கூறவேண்டிய மற்றொன்றும் உண்டு. யூத வெறுப்பைத் தூண்டிய 'யூதன் சூஸ்' என்னும் படத்தை 1940இல் நெறியாண்ட பைற் ஹார்லான் வழக்கில் விடுவிக்கப்பட்டு, 1950களில் தொடர்ந்து படங்களை ஆக்கினார். றீபன்ஸ்ராலோ 'தாழ்நில'த்தின் பின் கதைப்படம் எதனையும் நிறைவு செய்ய இயலவில்லை. ஆண்கள் பலருடைய குற்றத்தை மறந்த சமூகம், ஒரு பெண்ணின் குற்றத்தைச் சுட்டித் தன்னைத் தூய்மைப்படுத்திக்கொண்டதோ என்னும் ஐயம் நியாயமானதே. இதனாலும், பெண் நெறியாளர்களின் முன்னோடி என்பதனாலும், 1970களில் அவரை மீள நிலைநிறுத்தும் முயற்சிகள் எழுந்தன. 1974இல் அமெரிக்காவின் ரெலுரைட் திரைப்பட விழா எதிர்ப்புகளுக்கிடையே அவரைக் கௌரவித்தது. ஆனால் பிறர் தப்பினர் என்பது ஒருவரைக் குற்றமற்றவராக்காது. பெண் என்பதால் மிகைத் தண்டனை அளிப்பதும், பெண் என்பதால் பொறுப்பிலிருந்து விடுவிப்பதும் அவரைச் சுயமாகச் சிந்தித்துச் செயற்பட்ட மனிதராக மதிக்க மறுக்கும் இரு வழிகளே. அவரது திறனை முழுமையாக ஏற்பவர், அவரது பொறுப்பையும் முழுமையாகவே ஏற்கவேண்டும்.

அவ்வாறாயின் அவருடைய படங்களை நாம் காணலாமா? காணவேண்டும் என்பதே எம் கருத்து. அவை விலக்கப்படுமாயின், தீமை எப்போதும் விகாரமாகவே வரும் என்னும் நம்பிக்கை நம்மிடம் நிலைத்துவிடும். அணிவகுப்பின் ஒழுங்கைக் கண்டு நம் மனமும் ஒரு கணம் கிளர்வதை உணர்ந்து, அக்கிளர்ச்சி எதனால் விளைந்தது எனத் தேர்ந்து அறிவதே அப்படங்கள் இன்று நமக்கு அளிக்கக்கூடிய கல்வியாகும். பல்கலைக்கழகங்களில் நாம் பெரிதும் பயில்வது திறன். திறன் தன்னைப் பயன்படுத்துவோர் யார் என்று தானாகக் கேட்பதில்லை. அதனை உடையவரே கேட்கவேண்டும். றீபன்ஸ்ரால் வியத்தகு திறன் படைத்தவர். அக்கேள்வியைக் கேட்பதற்கு அவருக்கு 101 ஆண்டுகள் வாய்த்தன, கேட்காமலே மறைந்தார்.