தொண்டா, தொழிலா?

2025 மார்ச் 31. திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்துக்கு முன்னால் ஆஷா என்னும் சுகாதாரப் பணியாளர்களின் போராட்டம் ஐம்பதாவது நாளை எட்டியிருந்தது. பலர் கூந்தலை வெட்டிக்கொண்டார்கள். சிலர் தலையை மழித்தே விட்டார்கள். மாத மதிப்பூதியம் 7,000 ரூபாயை 21,000 ஆக்க வேண்டும், ஓய்வுபெறும்போது 5 லட்சம் தர வேண்டும் என்று கேட்டார்கள். உள்ளே ஆட்சியில் இருந்தது மார்க்சிஸ்ட் கட்சி.

வேடிக்கைதான். ஆனால் பெண்கள் பார்க்கும் பராமரிப்பு வேலையைத் தொழிலாக எண்ணுவதா என்ற இந்தச் சிக்கல் மார்க்சியத்துக்குள்ளேயே நெடுங்காலமாகக் கிடக்கிறது. பெண்கள் எல்லோரும் பொது உற்பத்தியில் இறங்குவதே அவர்களது விடுதலைக்கு முதல் நிபந்தனை என்று 1884-இல் எழுதினார் எங்கெல்ஸ். இறங்கினார்கள். ஆலைக்கும் அலுவலகத்துக்கும் போனார்கள். திரும்பி வந்து உலையும் வைத்தார்கள்.

அந்த உலையை யார் கணக்கில் எழுதுவது? 1972-இல் இத்தாலியின் பதுவா நகரில் கூடிய மரியாரோசா தல்லா கோஸ்தா, செல்மா ஜேம்ஸ், சில்வியா ஃபெடரிச்சி முதலான பெண்ணியர்கள் இதைத்தான் கேட்டார்கள். முதலாளி விலைக்கு வாங்கும் உழைப்புச் சக்தி வானத்திலிருந்து விழுவதில்லை. சோறாக்கி, துணி துவைத்து, பிள்ளை வளர்த்து, ஒவ்வொரு நாளும் அதை உண்டாக்கித் தருகிறவள் பெண். அன்பின் பெயரால் அவள் கூலி இல்லாமல் போகிறது. ஆகவே வீட்டு வேலைக்குச் சம்பளம் கொடு என்றார்கள். சந்தைக்கு வராத உழைப்பு மதிப்பை உண்டாக்காது என்று மரபு மார்க்சியர் பலர் மறுத்தார்கள். மார்க்ஸின் 'மூலதன'த்தின் இலக்கணப்படி அது சரியாகவே இருக்கலாம். அடுப்படியில் நிற்பவளுக்கு அது பதிலாகாது.

கூர்மையான மறுப்பு 1981-இல் அமெரிக்கக் கறுப்பின மார்க்சியர் ஏஞ்சலா டேவிஸிடமிருந்து வந்தது. அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வீட்டில் கூலிக்கு வேலை பார்த்தவர்கள்தானே, அந்தக் கூலி அவர்களை விடுவித்ததா? சமையலையும் குழந்தை வளர்ப்பையும் சமூகமே தன் பொறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் கட்சி.

ஆஷா திட்டம் ஒரு வகையில் அப்படி எடுத்துக்கொண்டதுதான். 2005-இல் தேசிய ஊரக சுகாதார இயக்கத்தோடு வந்தது. கர்ப்பிணியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது, தடுப்பூசிக்காக வீடு வீடாக ஏறி இறங்குவது, காசநோய்க்காரர் மாத்திரை விழுங்கினாரா என்று பார்ப்பது எல்லாம் ஆஷாவின் வேலை. முன்பு இவற்றில் பாதியை அம்மாவோ அத்தையோ பார்த்துக்கொண்டார்கள். இப்போது பார்ப்பவர் அரசு ஏட்டில் 'தன்னார்வலர்'. பிரசவத்துக்கு இவ்வளவு, தடுப்பூசிக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை. 2022-இல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவின் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆஷாக்களுக்கு விருது அளித்தது. விருதுக்கு வருங்கால வைப்பு நிதி கிடையாது.

இது மத்தியத் திட்டம், இவர்களைத் தொழிலாளர் என்று அறிவிக்க வேண்டியது டெல்லி என்றது கேரள அரசு. பாதி நியாயம். திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக ஏற்கும்படி 2013-இலேயே இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது, டெல்லி அசையவில்லை. ஆனால் மதிப்பூதியம் மாநிலத்தின் பணம். டெல்லியிடம் தொழிலாளர் அந்தஸ்து கேட்கும், மார்க்சிஸ்ட் கட்சியின் தொழிற்சங்கமான சிஐடியு, திருவனந்தபுரத்தில் இந்தப் பெண்களோடு உட்காரவில்லை. வீட்டில் செய்தால் அன்பு, வெளியே செய்தால் தொண்டு என்ற பழக்கம், கொடியின் நிறம் பார்ப்பதில்லை போலும்.

2025 அக்டோபர் கடைசியில் கேரள அரசு மதிப்பூதியத்தில் 1,000 ரூபாய் கூட்டியது. நவம்பர் 1-இல் இரவு பகல் போராட்டத்தை முடித்துக்கொண்ட பெண்கள், இனி மாவட்டங்களில் தொடர்வோம் என்று அறிவித்தார்கள்.