பொருநைக் கரையில் பேசாதவர்களின் முதுமை

பொருநையாகிய தாமிரபரணியின் பள்ளத்தாக்கில் சமய மரபு பேசாக் குழந்தைகள் இருவரின் வரலாற்றைப் பெருமையோடு போற்றி வருகிறது. திருக்குருகூர் எனப்படும் ஆழ்வார்திருநகரியில் காரிக்கும் உடையநங்கைக்கும் பிறந்த குழந்தை அழாமலும் பாலுண்ணாமலும் இருந்ததாகவும், கோயில் புளியமரத்தடியில் 16 ஆண்டுகள் மௌனமாக அமர்ந்திருந்த பின் மதுரகவியின் கேள்விக்கு விடையளிக்க வாய் திறந்து நம்மாழ்வாராக வெளிப்பட்டதாகவும் வைணவ குருபரம்பரை கூறும். அதே ஆற்றங்கரையில் உள்ள ஸ்ரீவைகுண்டத்தில், 17-ஆம் நூற்றாண்டில், 5 வயது வரை பேச்சு வராதிருந்த குமரகுருபரர் திருச்செந்தூர் முருகன் அருளால் பேசத் தொடங்கிக் கந்தர் கலிவெண்பாவைப் பாடினார் என்று சைவ மரபு கூறும். இரு வரலாறுகளிலும் மௌனம் ஒரு திரையாக நிற்கிறது. திரை விலகியதும் உள்ளிருந்த ஞானம் புலப்படுகிறது. திரை விலகாமலே அறுபது வயதை எட்டிவிட்ட ஒருவரைப் பற்றி அவை பேசுவதில்லை. அறிவுசார் குறைபாடு, அதாவது பிறவியிலோ வளர்பருவத்திலோ தோன்றிக் கற்றலையும் அன்றாடக் காரியங்களைத் தாமே செய்துகொள்ளும் திறனையும் வாழ்நாள் முழுதும் மட்டுப்படுத்தும் நிலை, உடைய ஒருவர் பெற்றோரை இழந்து முதுமையில் ஓர் இல்லத்தில் சேரும்போது அவருக்கு உரிய பராமரிப்பு எத்தகையது என்ற கேள்வி நிர்வாகம் சார்ந்ததாகத் தோன்றினும், மனிதருடைய மதிப்பு அவருடைய அறிவில்தான் தங்கியுள்ளதா என்ற பழைய சமயக் கேள்வி அதனடியில் கிடக்கிறது.

இக்கேள்வியைக் கிறித்தவ மிஷன்களும் முழுமையாக எதிர்கொண்டதாகச் சொல்ல முடியாது. பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் 1890-இல் தொடங்கிய பார்வையற்றோர் பள்ளியும், ஃப்ளாரன்ஸ் சுவைன்சன் 1897-இல் தொடங்கிய செவித்திறன் குறைந்தோர் பள்ளியும், புலன் அடைபட்டிருப்பினும் உள்ளே அறிவு நிறைவாகவே இருக்கிறது, விரல் வழியாகவோ சைகை வழியாகவோ அதற்கு வாயில் திறந்துவிட்டால் போதும் என்ற நம்பிக்கையின்மேல் எழுந்தவை. அந்நம்பிக்கை பல தலைமுறைகளை வாழவைத்தது உண்மை. ஆயினும் அறிவிலேயே குறைபாடு உடையவருக்கு அதனுள் இடம் கிடைப்பது அரிது. கடவுளின் சாயலில் மனிதர் படைக்கப்பட்டனர் என்னும் கொள்கையை விளக்கிய அகுஸ்தீனார் அச்சாயலைப் பகுத்தறியும் மனத்தில் கண்டதால், இறையியலிலும் இதே இடர்ப்பாடு நேர்ந்தது. அந்த இடம் பின்னாளில் வேறொரு பணியில் கிடைத்தது: கடற்படை அதிகாரித் தேர்வின்போது தண்டுவடம் அடிபட்டு, அன்றாடத் தேவைகளுக்குப் பிறரைச் சார்ந்து வாழ நேர்ந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தென்காசி அருகே ஆய்க்குடியில் நிறுவிய அமர் சேவா சங்கம், அறிவுசார் குறைபாடுடைய குழந்தைகளுக்குச் சிறப்புப் பள்ளி நடத்துவதுடன், குறைபாட்டை இளமையிலேயே கண்டறிந்து பயிற்சியளிக்கும் பணியைக் கிராமங்களுக்கும் கொண்டுசென்றது. இத்தகைய பணிக்கு முன்னேற்றமே இயல்பான அளவுகோல்: நேற்று நடக்காத குழந்தை இன்று நடக்கிறது, அதைக் கண்டு கொடையாளர் மகிழ்கிறார்.

முதுமையில் அந்த அளவுகோல் பயன்படாது போகிறது. டவுன் சிண்ட்ரோம் உடையவர்களுக்கு 21-ஆம் குரோமோசோம் மூன்று பிரதிகளாக அமைவதாலும், மூளையில் படியும் அமிலாய்டு புரதத்திற்கு மூலமான மரபணு அதிலேயே இருப்பதாலும், பலருக்கு ஐம்பதுகளிலேயே அல்சைமர் மறதிநோய் தோன்றுகிறது; ஆண்டுக்கணக்கில் பழகிய சட்டைப் பொத்தானைப் போடும் திறனும் கைவிட்டுப் போகிறது. எல்லோருக்கும் பொதுவான முதுமை நோய்களும் இவர்களிடத்தில் மறைந்து நிற்கும். பல்வலியால் உணவை மறுப்பவர் அடம்பிடிப்பதாகவும், மலச்சிக்கலால் இரவெல்லாம் முனகுபவர் தொல்லை தருவதாகவும் கருதப்பட்டு, ‘அவர் எப்போதும் இப்படித்தான்’ என்ற ஒரே சொல்லால் நோய் மூடப்பட்டு, மருத்துவருக்குப் பதிலாக மயக்கமாத்திரை வருவது உலகெங்கும் உள்ள இல்லங்களின் குறையாகும். விழுங்கும் ஆற்றல் குறைந்தவருக்கு அவசரமாக ஊட்டப்படும் கவளம் மூச்சுக்குழாயில் சென்று உயிரையே பறிக்கக்கூடும். ஆகவே பராமரிப்பின் தரம் என்பதில் பெரும்பகுதி, வாய்ச்சொல் இல்லாதவரின் உடலை நெடுநாள் பழக்கத்தால் படிக்கத் தெரிந்த ஒருவர் அருகில் இருப்பதும், அவர் மாதந்தோறும் மாறிக்கொண்டிராமல் இருப்பதும்தான்.

அறிவின் நிலையைக் குறித்துச் சைவ சித்தாந்தம் கூறுவது இங்கே கருதத்தக்கது. ஆணவம் என்னும் மலத்தால் மறைப்புண்ட உயிர் தானாக எதையும் அறியமாட்டாது. இறைவன் அதற்குத் தனு, கரணம், புவனம், போகம், அதாவது உடல், கருவிகள், உலகம், நுகர்ச்சி, ஆகியவற்றை மாயையிலிருந்து கூட்டுவிக்கிறான். மனம், புத்தி, சித்தம், அகங்காரம் ஆகிய அந்தக்கரணங்கள், அதாவது அகக்கருவிகள், அக்கரணங்களுள் அடங்குவன. எனவே புத்தி உயிரின் இயல்பன்று, அதற்கு வழங்கப்பட்ட கருவியே; பேரறிஞருடைய புத்தியும் இரவல் பொருளே. கருவி குறைந்தவரிடத்தில் உயிர் குறைந்துவிடவில்லை என்பது இதிலிருந்து நேராகப் பெறப்படும். ஆனால் கருவிகள் அவரவர் வினைக்கேற்ப அமைகின்றன என்று அதே சித்தாந்தம் கூறுவதால், ‘முன்செய்த வினை’ என்னும் தீர்ப்பை அண்டை வீட்டார் பெற்றோர் முகத்திற்கு நேரே சொல்லும் கொடுமைக்கும் அது இடந்தந்திருக்கிறது. உடலெடுத்த உயிர் எதுவும் வினைக்கு விலக்கன்று என்பதையும், வினைப்பயனைக் கூட்டுவிப்பது இறைவன் செயலே என்பதையும் அத்தீர்ப்பு மறந்துவிடுகிறது.

வைணவத் தென்கலை மரபு இன்னும் ஒரு படி செல்கிறது. 14-ஆம் நூற்றாண்டில் ஆழ்வார்திருநகரியில் அவதரித்தவராகப் போற்றப்படும் மணவாள மாமுனிகள் உரையெழுதி நிலைநிறுத்திய பிள்ளை லோகாசாரியரின் நெறியில், தாய்ப்பூனை கவ்விச் செல்லும் குட்டிக்கு முயற்சி ஏதும் தேவைப்படாததுபோல, அருள் பெறுவதற்கு உயிரிடத்தில் தகுதி எதுவும் எதிர்பார்க்கப்படுவதில்லை. லோகாசாரியருடைய தத்வத்ரயம், கோயிலில் எழுந்தருளியுள்ள அர்ச்சாவதாரத்தை, அதாவது வழிபாட்டுக்குரிய திருவுருவமாக அமைந்த இறைவனை, நீராட்டம், அமுது, இருக்கை, உறக்கம் அனைத்திலும் அர்ச்சகருக்கு வசப்பட்டவனாக விளக்குகிறது. பிறர் கையை எதிர்பார்த்திருப்பது இழிவு என்றால் அவ்விழிவு இறைவனையே சாரும். பதில் பேசாத ஒருவருக்கு நேரந்தவறாமல் நீராட்டி, உடுத்தி, பதமறிந்து அமுது படைத்து, திரையிட்டு மறைவு காத்து, பள்ளியறைக்கு அனுப்பும் நுட்பமான ஒழுங்கு ஒவ்வொரு திருப்பதியிலும் அன்றாடம் நிகழ்கிறது. திரையின்றி வரிசையில் நிறுத்திக் குழாய்நீர் ஊற்றும் காப்பகம் ஒன்று அதே ஊரில் இருந்தால் முரண்பாட்டை விளக்க வேண்டியதில்லை.

இவ்வொப்புமைக்கும் எல்லை உண்டு. இல்லத்தில் வாழும் முதியவரைத் தெய்வமாக்குவது அவரை ஒளிந்திருக்கும் ஞானியாக்குவது போன்றதே; இரண்டும் அவரைக் கடந்து வேறெதையோ பார்க்கின்றன. குணமாகும் நாளை நோக்கி மட்டும் கண் வைத்த பக்தி நிகழ்காலத்தில் என்ன செய்யக்கூடும் என்பதை 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் ஏர்வாடி காட்டியது: தர்காவை நாடி வந்து தனியார் இல்லத்தில் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டனர். பிறந்தநாளன்று காப்பகத்தில் சோறு போட்டுப் புண்ணியம் தேடும் வழக்கம் அத்தகைய கொடுமை அன்று, பல இல்லங்களின் அடுப்பு அதனால்தான் எரிகிறது. எனினும் கொடையாளர் வரும்வரை பசித்த முதியவர்களைக் கைகூப்பி அமரவைக்கும் விருந்தில் இலை யாருக்காகப் போடப்படுகிறது என்று கேட்கலாம்.

திருவுருவம் மறுப்பதில்லை, மனிதர் மறுப்பார். விடியற்காலைத் தண்ணீரை, பிடிக்காத கஞ்சியை, புதிய படுக்கையை, முகத்தைத் திருப்பியோ கையைத் தட்டியோ மறுக்கும் அந்தச் செயலில் விருப்பம் என்ற ஒன்று தெளிவாகவே இருக்கிறது. சட்டமும் இவ்விடத்தைத் தொட்டிருக்கிறது. பெற்றோர் இறந்தபின் பாதுகாப்புக்கு வழிசெய்வது 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் நோக்கங்களுள் ஒன்று. சட்டப்படியான காப்பாளரை நியமிக்க மாவட்ட அளவிலான குழுவை அது தந்தது; அதன்கீழ் அமைந்த அறக்கட்டளை வாழ்நாள் தங்கலுக்கு ‘கரௌந்தா’ என்னும் குழு இல்லத் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவோ, சமுதாயத்தில் வாழும் உரிமையை அளித்து, குறிப்பிட்ட ஒரு தங்கும் ஏற்பாட்டில்தான் வாழவேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு நேராதிருக்க அரசு முயலவேண்டும் என்றும் கூறுகிறது. ஆயினும் ஆய்வுக்கு வரும் அதிகாரி கட்டில்களையும் கழிப்பறைகளையும் எண்ணிப் பதிவேட்டில் கையெழுத்திடுகிறார். ஒருவர் எதை மறுத்தார், மறுத்தபின் என்ன செய்யப்பட்டது என்று எழுதும் பத்தி ஒன்றும் அந்தப் பதிவேட்டில் வேண்டும்.